நோவறியும் பாதம்

மனிதனின் செயல்களுள் நடத்தலைப் போல எளிதென எண்ணப்படுவது பிறிதொன்றில்லை. குழந்தை ஏறத்தாழ ஓராண்டு நிறைவெய்தும் காலத்தில் எழுந்து அடியெடுத்து வைக்கின்றது; அன்று தொடங்கிய நடை முதுமைவரை தொடர்கின்றது. பாதம் ஒன்றில் 26 எலும்புகள் உள்ளன. இரு பாதங்களிலுமுள்ளவற்றைக் கூட்டினால், உடலின் 206 எலும்புகளுள் காற்பங்கு அங்கேயே அடங்கிவிடுகின்றது. இத்துணை நுட்பமானதோர் அமைப்பை நாள்தோறும் இயக்குபவன், அது நோகத் தொடங்கும்வரை அதனை நினைப்பதில்லை. நொந்த பின்னரோ, நோவை எவ்வாறு போக்கலாம் என்று மட்டுமே வினவுகின்றான். நோவு தனக்கு என்ன சொல்கின்றது என வினவுவார் சிலரே. நெடுநடைக்குப் புறப்படும் எவரும் முதலிற் கேட்க வேண்டிய வினா அதுவேயாகும்.

நெடுநடை என்றதும் மேலைநாட்டு மலைவழிகளையும், முதுகிற் பொதி சுமந்து வாரக்கணக்கில் அவற்றைக் கடக்கும் இளைஞரையும் எண்ணுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆயின் அத்தகையதொரு நடை ஈழத்தமிழர் வாழ்வில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, தென்னிலங்கையிலுள்ள கதிர்காமத்தை அடையும் பாதயாத்திரையே அது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மாவட்டங்களின் கரையோரமாகச் செல்லும் அவ்வழி 500 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அதனைக் கடக்க ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம்வரை செல்லும். அடியவருட் பெரும்பாலார் நடுவயது கடந்தவர்கள், பெண்களும் பலர். பாயொன்று, மாற்றுடை, சிறுபொதி என்பவற்றுடன் அவர்கள் நடக்கின்றனர். அவர்களுட் பலருடைய காலில் செருப்பில்லை.

அவ்வழியின் பெருந் தங்கல்களுள் ஒன்று வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலையொட்டி அங்கு கூடும் அடியவர் பின்னர் தெற்கு நோக்கிச் செல்வர். மதுரையை எரியூட்டிய கண்ணகி ஈழத்துக்கு வந்து அங்கு தங்கினாள் என்பது ஊர்மரபு. புகாரிலிருந்து மதுரைவரை நடந்தவள் அவள். வீட்டு முற்றத்தைத் தாண்டியறியாத அவளது அடிகள் அந்நடையில் வருந்தியதைச் சிலப்பதிகாரம் கூறும். கால் நொந்த ஒருத்தியைத் தெய்வமாக வைத்து வழிபட்டுவிட்டே அடியவர் தம் கால்கள் நோக நடக்கத் தொடங்குகின்றனர் எனலாம்.

முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி எனத் தொடரும் கரையோரம் கொக்கிளாயில் முடிவடைகின்றது. வடமாகாணத்தின் கடைசி ஊர் அது. களப்பு கடலொடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அப்பால் கிழக்கு மாகாணம் தொடங்குகின்றது. அடியவர் முகத்துவாரத்தைத் தோணியிற் கடந்து புல்மோட்டைப் பக்கம் செல்வது பழைய வழக்கம். கொக்கிளாய்க் களப்பு 1951 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. அதன் கரையில் நிற்பவர் ஓர் உண்மையை எளிதிற் காணலாம். சேற்றில் நிற்கும் கொக்கின் விரல்கள் நீண்டு விரிந்துள்ளன. நீந்தும் தாராவின் விரல்களிடையே சவ்வு உண்டு. மரக்கிளையில் அமரும் பறவையின் விரல்கள் கிளையைப் பற்றுவதற்கென வளைந்துள்ளன. ஒவ்வொரு காலும் தனக்குரிய நிலத்தை அறிந்து அமைந்துள்ளது. மனிதன் ஒருவனே எல்லா நிலத்திலும் நடக்க முற்படுபவன். ஆதலின் அவனுக்கே காலணி என்னும் சிக்கல் தோன்றிற்று.

கொக்கிளாய்ப் பகுதியின் நிலம் பாதத்தைப் பலவாறு சோதிப்பது. கொக்கிளாய் முதல் புல்மோட்டைவரையுள்ள கடற்கரை மணலில் இல்மனைற்று முதலிய கனியங்கள் செறிந்து கிடக்கின்றன. அதனாற் பல இடங்களில் மணல் கருநிறம் கொண்டுள்ளது. கருமணல் வெண்மணலைவிட வெயிலை மிகுதியாக உட்கொள்வது. நண்பகலில் அதன்மீது வெறுங்காலுடன் நிற்றல் அரிது. அடம்பன் கொடி படர்ந்த இடம் காலுக்குச் சற்றே குளிர்ச்சி தரும். இராவணன் மீசை வளர்ந்த இடமோ ஊசி நட்ட பாத்தியை ஒக்கும். இவற்றுக்கு அஞ்சி அலையோரத்து ஈரமணலில் இறங்கினால், அது உறுதியாகவும் குளிர்ந்தும் இருக்கும். ஆனால் அலையோரம் சரிவானது. தெற்கு நோக்கி நடப்பவரின் இடப்புறம் கடல். ஆகவே இடக்கால் என்றும் தாழவும் வலக்கால் என்றும் உயரவும் நடக்க நேரும். ஒரு நாட்பொழுது இவ்வாறு நடந்தவருக்குக் கணுக்காலும் இடுப்பும் நோவதற்குக் காரணம் முதுமையன்று. நிலத்தின் சரிவே காரணம். அந்நோவுக்கு மருந்து எண்ணெயில் இல்லை. மறுநாள் கரையை விட்டுத் தெருவில் ஏறி நடத்தலே அதற்குரிய மருந்து.

இவ்வூரின் மண்ணில் வேறு வகை நடையும் நிகழ்ந்ததுண்டு. 1984 டிசம்பரில் கொக்கிளாயும் அதனை அடுத்த ஊர்களும் தம் தமிழ்க் குடிகளை இழந்தன. தலைமுறைகளாக வாழ்ந்தோர் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் வெளியேற நேர்ந்தது. 2009 இல் போர் ஓய்ந்த பின்னரே அவர்கள் திரும்பத் தொடங்கினர். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து செல்லும் பாதயாத்திரையும் தடைப்பட்டிருந்து பின்னர் மீண்டது. விரும்பி மேற்கொள்ளும் நடைக்கும் விரட்டப்பட்டு நடக்கும் நடைக்குமுள்ள வேறுபாடு ஈண்டு எண்ணத்தக்கது. காலணியைத் தெரிந்தெடுக்க நேரம் வாய்த்தலே ஒரு பேறு. அப்பேறு வாய்த்தவர் அதனைப் பயன்படுத்தாது விடுதல், அது வாய்க்காது நடந்தவர்களின் கால்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

காலணி தமிழர்க்குப் புதியதன்று. ‘தொடுதோல்’, ‘அடிபுதையரணம்’ என்பன அதற்கு வழங்கிய பழஞ்சொற்கள். அடியைப் புதைத்துக் காக்கும் அரண் என்னும் பொருளமைந்த பின்னைய சொல், இக்காலத்துச் சப்பாத்துக்கும் பொருத்தமாகவே உள்ளது. ஈழத்தில் வழங்கும் ‘சப்பாத்து’ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பொருள் முன்னரே இருந்தும் சொல் பின்னர் வந்து சேர்ந்ததன் காரணம், காலை முழுதும் மூடும் காலணியைப் பெரும்பாலான மக்கள் அணியாமையே. வெப்பநாட்டிற் காற்றோட்டமற்ற சப்பாத்து காலை வேகவைக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். கோயிலின் உள்ளே காலணி புகாது என்னும் வழக்கமும் அதனோடு சேர்ந்தது. யாத்திரைவழி முழுவதையும் கோயிலாகக் கருதும் அடியவர் வீட்டு வாயிலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகின்றனர். இதனை அறியாமை எனத் தள்ளுவோர், அதன் உட்கருத்தை உணராதவரேயாவர்.

உடலியல் நோக்கிலும் வெறுங்கால் நடைக்கு வலுவான நியாயங்கள் உண்டு. 2010 இல் டானியல் லீபர்மனும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர் குதிக்காலை நிலத்தில் மோதாது பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகின்றனர் எனக் காட்டிற்று. 2019 இல் அதே ஆய்வுக்கூடத்தார் உள்ளிட்டோர் கென்ய மக்களிடம் நடத்திய ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. வெறுங்காலுடன் நடந்து தடித்த தோலுடைய பாதம், தடித்தமையால் உணர்வு குன்றிவிடவில்லை. நிலத்தின் மேடுபள்ளத்தை மெல்லிய தோலுடைய பாதத்தைப் போலவே அது உணர்கின்றது. இயற்கை தந்த செருப்பு காலைக் காக்கின்றது. நிலத்தைப் பற்றிய செய்தியை மறைப்பதில்லை. கடையில் வாங்கும் தடித்த மெத்தைச் சப்பாத்து காலைக் காப்பதோடு அச்செய்தியையும் பெருமளவு மறைத்துவிடுகின்றது.

ஆனால் அத்தோல் ஒரு நாளில் உண்டாவதன்று. வயலிலும் கடற்கரையிலும் பிறந்தது முதல் நடந்தவரின் பாதம் வேறு; பாடசாலைச் சப்பாத்திலும் அலுவலகச் சப்பாத்திலும் நாற்பது ஆண்டு அடைபட்டிருந்த பாதம் வேறு. முன்னவர் வெறுங்காலுடன் நடத்தல் பழக்கம். பின்னவர் முன்னேற்பாடின்றி அவ்வாறு நடத்தல் துணிகரம். யாத்திரைக்குச் சில மாதங்கள் முன்னரே நாள்தோறும் சிறிது சிறிதாக மண்ணில் நடந்து பழகிய பின்னரே அவர் செருப்பைத் துறத்தல் தகும்.

1960 இல் றோம் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தை எத்தியோப்பியரான அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி வென்றமை பலரும் அறிந்தது. அவர் அவ்வாறு ஓடியதன் காரணம் அவ்வளவு பரவலாக அறியப்பட்டதன்று. அவருக்குக் கிடைத்த புதுச் சப்பாத்து காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலுடன் ஓடியும் அவர் பழகியிருந்தார். பொருந்தாத சப்பாத்தைவிடப் பழகிய வெறுங்கால் மேலானது எனக் கண்டு அவர் அதனை விலக்கினார். நான்கு ஆண்டுகளின் பின் தோக்கியோவில் சப்பாத்தணிந்து ஓடினார்; முன்னையதிலும் விரைவாக ஓடி மீண்டும் வென்றார். சப்பாத்து நன்றா தீதா என்னும் வாதம் அவரிடம் எழவில்லை. இது பொருந்துகின்றதா என்பதே அவர் கேட்ட வினா.

இனி, நோவின் மொழியைச் சற்றே நோக்குவோம். நெடுநடையில் எழும் நோவுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. முதலாவது தோலின் நோவு. வியர்வையால் நனைந்த தோல் காலணியோடு ஓயாது உராய்வதாற் கொப்பளம் எழுகின்றது. எழுமுன் அவ்விடம் சுடுவது போன்ற உணர்வைத் தரும். அவ்வெச்சரிக்கை கேட்டவுடன் நின்று, காலை உலர்த்தி, அவ்விடத்தில் ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டினால் கொப்பளம் தவிர்க்கப்படும். ‘அடுத்த தங்கலிற் பார்க்கலாம்’ என்பவர் அடுத்த மூன்று நாளையும் இழப்பர். எழுந்துவிட்ட சிறு கொப்பளத்தை உடையாது காத்தல் நன்று. பெரிதாகி நடக்கவொட்டாது தடுப்பின், காலையும் கையையும் கழுவி, கொதிநீரிலிட்டெடுத்த ஊசியால் ஓரத்திற் குத்தி நீரை வடித்து, மேற்றோலை உரிக்காது துணியாற் கட்ட வேண்டும். அத்தோலே புண்ணுக்குரிய இயற்கைக் கட்டு.

இரண்டாவது குதிக்காலின் நோவு. விடியலில் எழுந்து முதலடி வைக்கையில் குதியில் முள் தைத்தாற் போலிருக்கும்; சிறிது நடந்ததும் தணியும். குதியிலிருந்து விரல்கள் வரை அடிப்பாதத்தில் விரிந்துள்ள நாரிழையம் அளவுக்கு மீறி உழைத்ததன் அறிகுறி அது. கெண்டைக்காலையும் பாதத்தையும் மெல்ல நீட்டிப் பயிற்றலும், நாள்நடையின் தூரத்தைக் குறைத்தலும் அதனைத் தணிக்கும்.

மூன்றாவது எலும்பின் நோவு. இது நடக்க நடக்கத் தணியாது, மிகும். பாதத்தின் மேற்புறத்தில் விரலால் அழுத்தினால் ஒரு புள்ளியிற் சுரீரென்னும். 1855 இல் பிரைத்தவுப்து என்னும் பிரஷ்ய இராணுவ வைத்தியர், நெடுந்தூரம் அணிநடை சென்ற படைவீரரிடம் இதனைக் கண்டு எழுதினார். வீழ்ச்சியோ அடியோ இன்றி, ஓயாத நடையால் மட்டும் எலும்பு வெடிப்புறும் என்பது பின்னர் கதிர்ப்படங்களால் உறுதியாயிற்று. இந்நோவுக்கு நேர்த்தியும் மனவுறுதியும் மருந்தாகா. நடையை நிறுத்தி வைத்தியரை நாடுதலே மருந்து. பொறுக்கத்தக்க நோவு, திருத்தத்தக்க நோவு, நிற்கச் சொல்லும் நோவு என இவற்றைப் பகுத்தறிதலே நெடுநடையின் முதற்பாடம்.

காலணி தெரிதலும் இப்பாடத்தின் தொடர்ச்சியே. நாள் முழுதும் நடந்த கால் மாலையிற் சற்றே வீங்கும்; ஆதலின் மாலைப்பொழுதிலேயே காலணி வாங்க வேண்டும். இரு பாதங்களும் அளவொத்தவை அல்ல. பெரிய பாதமே அளவுகோல். நின்று கொண்டு போட்டுப் பார்க்கையில், மிக நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் முனைக்கும் இடையே கைப்பெருவிரலின் அகலம் எஞ்சியிருத்தல் வேண்டும். இன்றேல் இறக்கங்களில் விரல் முட்டி நகம் கருகும். நீளம் சரியெனினும் அகலம் போதாமை பெருங்குறை. தாளொன்றின்மீது நின்று பாதத்தின் உருவை வரைந்து, அதனை வெட்டிச் சப்பாத்தின் அடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பின், கடைக்காரரின் புகழ்ச்சிக்கு அப்பால் உண்மை தெரியும். தாள் ஓரங்களில் மடியுமாயின் அச்சப்பாத்து விரல்களையும் அவ்வாறே மடிக்கும்.

எடையும் கருதற்குரியது. காலிற் கூடும் எடை, அதே எடை முதுகிற் கூடுவதைவிடப் பன்மடங்கு களைப்பைத் தரும் என்பது படைவீரர் நடையை ஆராய்ந்தோர் கண்ட முடிபு. கனத்த தோற் சப்பாத்தே உறுதியானது என எண்ணி அதனை வாங்குவோர் ஒவ்வோர் அடியிலும் அதன் விலையைச் செலுத்துகின்றனர். 1955 இல் எமா கேற்வூட் என்னும் 67 வயதுப் பாட்டி, அமெரிக்காவின் 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பலாச்சிய மலைவழியைத் தனியே நடந்து முடித்தார். அவர் அணிந்தவை சாதாரணக் கன்வஸ் சப்பாத்துகள். தோளில் தாமே தைத்த பை ஒன்று தொங்கிற்று. தேய்ந்த சப்பாத்தை எறிந்து வேறொன்றை வாங்கி நடந்தார். பொதி சிறுத்தால் சப்பாத்தும் எளிதாகலாம் என்பது அவரது நடையிலிருந்து பெறப்படும் பாடம்.

கொக்கிளாய் போன்ற கரையோரத்துக்கு எது ஏற்றது? மூடிய சப்பாத்தினுள் மணல் புகுந்தால் அதுவே அரத்தாளாகித் தோலை அராவும். களப்பு நீரில் நனைந்தால் எளிதில் உலராது. விரலிடை வார் மட்டும் கொண்ட ‘பாட்டா’ இறப்பர்ச் செருப்பு வீட்டு முற்றத்துக்குப் போதும். நெடுநடையில் அது நழுவாதிருக்க விரல்கள் ஒவ்வோரடியும் அதனைப் பற்றிப்பிடிக்க நேர்வதால் கால் சோரும்; விடத்தல்முள்ளும் அதனை ஊடுருவும். குதிக்குப் பின்னாலும் வாருள்ள, வார்களை இறுக்கவும் தளர்த்தவும் இயலும், தடித்த இறப்பர் அடிகொண்ட செருப்பே மணலுக்கும் நீருக்கும் இசைவது. தெற்கே உகந்தையைக் கடந்து கூமுனை, யால காடுகளினூடே செல்லுங்கால் முள்ளுக்கும் கல்லுக்கும் அதுவே காப்பு. மூடிய சப்பாத்து அணிவோர் வியர்வையைத் தேக்கிவைக்கும் பருத்திக் காலுறையை விடுத்து, விரைவில் உலரும் இழையாலானதைக் கொள்ளல் நன்று. எதுவாயினும் புதியதை யாத்திரை நாளில் முதன்முதலாக அணிதல் ஆகாது. பல நாள் நடந்து, கால் அதனையும் அது காலையும் அறிந்த பின்னரே வழிக்கொள்ளல் வேண்டும்.

இதுவரை கூறியன நோவறியும் கால்களுக்கு. நோவறியாக் கால்களும் உள. அவற்றின் நிலையே பெரிதும் கவலைக்குரியது.

கொல்லிமலையில் 1914 இல் பிறந்த ஆங்கிலேய வைத்தியர் போல் பிராண்ட், 1946 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்பது அக்கால நம்பிக்கை. பிராண்ட் அதனை ஐயுற்றார். நோய் நரம்பைத் தாக்கி நோவுணர்வை அழித்துவிடுகின்றது. அதனால் நோயாளி ஆணிமேல் மிதித்தும் அறியார், கொப்பளத்தின்மேல் நடந்தும் அறியார். அவ்வாறு கவனியாத காயங்களே பாதத்தைச் சிறிது சிறிதாகத் தின்கின்றன என அவரும் அவரோடு உழைத்தோரும் நிறுவினர். நுண்துளைகள் நிறைந்த மெத்தென்ற இறப்பரால் அடித்தளம் அமைத்த செருப்புகள் அந்நோயாளர்க்கெனச் செய்யப்பட்டன. பின்னர் அமெரிக்காவில், நோவுக்குப் பதிலாக எச்சரிக்கை தரும் செயற்கைக் கருவியொன்றை ஆக்கவும் அவர் முயன்றார். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. கருவி எச்சரித்தபோது நோயாளர் அதனை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். நிறுத்த முடியாமையே நோவின் சிறப்பு என்பதை அத்தோல்வி உணர்த்திற்று.

அந்த அறிவு இன்று நீரிழிவு நோயாளர்க்கு இன்றியமையாததாகியுள்ளது. நீண்டகால நீரிழிவு பலருடைய பாத நரம்புகளை மரக்கச் செய்கின்றது. யாத்திரை செல்வோருட் பலர் நடுவயது கடந்தவர்கள் என்பதையும், நீரிழிவு அவ்வயதினரிடையே பரவலாக உள்ளது என்பதையும் சேர்த்து எண்ணின், இதன் கனம் விளங்கும். கருமணலின் சூட்டில் மற்றவர் துள்ளி விலகும் இடத்தில் அமைதியாக நடந்து செல்லும் முதியவரைக் கண்டு, ‘முருகன் அருள்’ என வியப்போர் உண்டு. அது அருளாகவும் இருக்கலாம். மரத்துப்போன நரம்பாகவும் இருக்கலாம். பின்னையதாயின், அன்றிரவு எழும் கொப்பளம் புண்ணாகி, புண் ஆழ்ந்து, ஈற்றில் விரலையோ காலையோ அறுத்தெடுக்க நேரும். நோவின்மை நலத்தின் அறிகுறி என எண்ணுதல் எத்துணை ஆபத்தானது என்பது இதனாற் பெறப்படும். நோகும் காலுடையவர் செருப்பின்றி நடக்கலாம். ஆபத்து நேரின் கால் அவரைத் தடுத்து நிறுத்தும். நோகாத காலுடையவருக்கே செருப்பு கட்டாயமானது. ஏனெனில் அவரை நிறுத்துவார் வேறெவருமில்லை.

ஆயின் நேர்த்தி வைத்துப் புறப்பட்டவரிடம் செருப்பணியுமாறு சொல்வது எவ்வாறு? அவருடைய பத்தியை இகழ்ந்து சொல்வது பயன் தராது, அது நெறியுமன்று. அவர் அறிந்த மரபிலிருந்தே அதற்கு விடை கூறல் வேண்டும். திருக்காளத்தியில், இறைவன் திருமுடிமேலிருந்த பூக்களைச் செருப்பணிந்த காலாலேயே நீக்கியவர் கண்ணப்பர். அவரது அன்பை ஏற்ற இறைவன், காவலுக்காகச் செருப்பணிந்து தன்னைக் காண நடந்து வரும் முதியவரை வெறுப்பானோ? நேர்த்தி நடப்பதற்கே வைக்கப்படுகின்றது. காலை இழப்பதற்கு அன்று. சந்நிதியின் வாயிலிற் செருப்பைக் கழற்றினால் வழிபாட்டு நெறி குறைவுறாது.

இன்னுமொரு வழியும் மரபிலேயே உண்டு. அடியார் வீட்டுக்கு வந்தால் முதலில் அவர் பாதத்தை விளக்குதல் சைவ மரபு. அப்பணியையே தம் வழிபாடாகக் கொண்டவர் கலிக்கம்ப நாயனார். வழியூர் மக்கள் இன்றும் யாத்திரிகருக்கு அன்னமிட்டுத் தங்க இடமளிக்கின்றனர். அவ்வூர்களின் இளைஞரும், யாத்திரையிற் கூடிச்செல்லும் இளையோரும் அன்னதானத்தோடு இப்பணியையும் மேற்கொள்ளலாம். மாலைதோறும் ஒரு வாளி நீரும் ஒரு விளக்கும் போதும். முதியவர் ஒவ்வொருவரையும் ‘சாமி, காலைக் காட்டுங்கோ’ என இருத்தி, பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, அடிப்பாதத்தை ஒளியிற் பார்த்தல் வேண்டும். சிவந்த இடமுண்டா, முள் தைத்துள்ளதா, தான் அறியாத புண்ணுண்டா என்பதை அவர் கண்ணாற் காண இயலாது. குனியவும் இயலாத முதுமை அது. அவரது கால் உணராததை மற்றொருவரின் கண் உணர்ந்து சொல்ல வேண்டும். புண் கண்டால் அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லலும், எஞ்சிய வழியை ஊர்தியிற் கடக்கச் செய்தலும் அப்பணியின் பகுதியே.

பாதபூசை என்பது பூவிட்டு வணங்குதலோடு முடிந்துவிடுவதன்று. தன் நோவைத் தானறியாத ஒருவரின் பொருட்டு அதனை அறிந்து சொல்லுதலும் பாதபூசையே. கொக்கிளாய் முகத்துவாரத்திற் தோணிக்குக் காத்திருக்கும் பொழுதிலேயே அதனைச் செய்யத் தொடங்கலாம். கதிர்காமம் அங்கிருந்து இன்னும் நெடுந்தூரம்.